இடம் மாறிய தும்மல்

கீழே வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. குலசாமி மேல் ஆணை, தின்கிற சோற்றின் மேல் ஆணை. இதெல்லாம் போதாது என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். நான் பொய் சொன்னால் என் உடம்பு தடித்துவிடும். பேச்சுக்குச் சொல்லவில்லை. முதுகில் ஆரம்பித்து, கழுத்துக்கு ஏறி, காது மடல் வரை பணியாரம் பணியாரமாக எழும்பும். டாக்டர் நிரஞ்சனா என்கிற அம்மாள் ஊசி போட்டு, மருந்து ஏற்றி, முறைப்படி செய்து கொடுத்த ஏற்பாடு அது. அப்படி ஒரு ஏற்பாடு எனக்கு எதற்குத் தேவைப்பட்டது என்பதுதான் கதை. கதை என்று எழுதிவிட்டேன், நடந்தது என்று திருத்தி வாசித்துக்கொள்ளவும்.

நான் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். கூண்டுக்குள் உட்கார்ந்து, கேட்கிறவர்களிடமெல்லாம் “இந்தா, இப்ப வந்துரும்” என்று சொல்வதுதான் உத்தியோகம். பஸ்கள் ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓட ஆரம்பித்த பிறகு என் வேலையை ஒரு பெட்டியிடம் கொடுத்துவிட்டார்கள். பெட்டியும் அதையேதான் சொல்கிறது. பஸ்ஸும் பழையபடிதான் வருகிறது. இந்த உத்தியோகத்தின் காரணமாக என் மனைவி ஆவுடை நான் சொல்லும் எதையும் நம்புவதில்லை. மழை பெய்கிறது என்று சொன்னால், வாசலில் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடித்துணியை எடுப்பாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

எங்களுக்கு ஒரே மகள், வடிவு. பக்கத்து டவுனில் பரோட்டாக் கடை வைத்திருக்கும் இசக்கிராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தோம். கடையில் மாஸ்டரும் அவர்தான், முதலாளியும் அவர்தான். நல்ல மனுஷன். குடி கிடையாது, சீட்டுக் கிடையாது. மூக்குதான் சரியில்லை. மைதா மாவு ஆகாது.

பரோட்டா மாஸ்டருக்கு மைதா ஆகாது என்றால் எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். பெண் பார்க்க வந்தபோது இதை யாரும் சொல்லவில்லை. அவர் ஒரு தும்மல் போட்டால் கல்லாவுக்கு மேலே இருக்கிற சாமி படம் ஆடும். ஒருநாள் மாவை வீசிக்கொண்டிருக்கும்போதே தும்மிவிட்டார். கையிலிருந்த மாவு பறந்துபோய் மின்விசிறி இறக்கையில் ஒட்டிக்கொண்டது. விசிறி சுற்றச் சுற்ற அது வாழையிலை அகலத்துக்கு விரிந்து, மூலை மேஜைக்காரர் தட்டில் இறங்கியது. அவர் சால்னா ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று போடச் சொன்னார். நான் பக்கத்து மேஜையில்தான் இருந்தேன்.

சிரிக்கிற விஷயம் அவ்வளவுதான். ராத்திரி ஆனால் அவருக்கு நெஞ்சு இரைக்கும். படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்திருப்பார். பெரியாஸ்பத்திரியில் தொழிலை விட்டுவிடச் சொன்னார்கள்.

“விட்டுட்டு என்ன செய்யட்டும் மாமா? பத்து வயசுல மாவுல கை வச்சேன். எனக்கு வேற என்ன தெரியும்?” என்றார்.

நானும் யோசித்துப் பார்த்தேன். அவருக்கு வேறு ஒன்றும் தெரியாதுதான்.

அந்தச் சமயத்தில்தான் அவர் டவுனில் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார்கள். வாசலில் வாழைமரம்கூடக் கட்டியிருந்தது. முகாமுக்காக அல்ல, முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டியது. உள்ளே பெரிய எழுத்தில், ‘உங்கள் ஒவ்வாமையை இடம் மாற்றித் தருகிறோம்’ என்று போட்டிருந்தது. வடிவு அப்போது ஏழாம் மாதம் முடிந்து வளைகாப்புப் போட்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு ஊசி என்றால் பயம். துணைக்கு நான் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

“இடம் மாத்தி எதுக்கும்மா? ஒழிச்சுத் தரக்கூடாதா?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். நிரஞ்சனா சென்னைக்காரப் பெண். சாப்பிட நேரமில்லாமல் ஒரு கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டே பேசினார்.

“பெரியவரே, உங்க வீட்ல சுவிட்ச் போர்டு இருக்குல்ல? சின்னப் பசங்க போட்டுடக் கூடாதுன்னு சில சுவிட்ச் மேல டேப் ஒட்டுவீங்க இல்லையா? ஜீன்ங்கிறது அந்த சுவிட்ச். அது எல்லாருக்கும் நல்லாத்தான் இருக்கு. அது மேல எவன் டேப் ஒட்டினாங்கிறதுதான் பிரச்சினை. புகை, தூசி, தின்ன சோறு, பட்ட கவலை, எது வேணா வந்து ஒட்டிட்டுப் போயிடும். இவருக்கு ‘போதும், அடங்கு’ன்னு சொல்ற சுவிட்ச் மேல ஒட்டிக்கிச்சு. அதான் மைதா வந்தா உடம்பு அடங்க மாட்டேங்குது.”

“அப்ப டேப்பை உரிச்சுப் போட்டுர வேண்டியதுதான?”

“உரிச்சோமே, எலிங்களுக்கு. ஒரு வாரம் ஜோரா இருந்துச்சு. அப்புறம் சண்டை போட ஆள் கிடைக்காம, அந்த உடம்பு தன்னோட கை கால் மூட்டுகளையே தாக்க ஆரம்பிச்சிடுச்சு. சில உடம்புக்கு எதிரின்னு ஒண்ணு இருந்தே ஆகணும் பெரியவரே. வெளிய இல்லேன்னா வீட்டுக்குள்ள தேடும்.”

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. ஓய்வு பெற்ற பிறகு நான் அப்படித்தான் ஆகிவிட்டேன் என்று ஆவுடை சொல்வாள்.

“அதனால எதிரியை மாத்திக் குடுக்கிறோம். நீங்க ஆயுசுக்கும் பார்க்காத ஒண்ணாப் பார்த்துச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவைதான் மாத்த முடியும். திரும்ப உரிச்சா பசை நிக்காது” என்றார் டாக்டரம்மா.

கையிருப்பில் இருந்த எதிரிகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டினார்கள். கல்யாணத்துக்குப் பந்தி விசாரிக்கிற மாதிரி மாப்பிள்ளை அதில் உட்கார்ந்துவிட்டார். ஸ்ட்ராபெர்ரி வேண்டாமாம், பின்னால் கடையில் ஐஸ்கிரீம் போடுகிற யோசனை இருக்கிறதாம். பைன் மரத்து மகரந்தம் வேண்டாமாம், வடிவை ஊட்டிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாராம். ஒட்டக ரோமம் காட்டினார்கள்.

“நாளைக்கு ஊருக்கு சர்க்கஸ் வந்தா என்ன செய்ய மாமா?”

“சர்க்கஸ்காரன் ஒட்டகத்தை உம்ம கடைக்குப் பரோட்டா திங்கவா கூட்டிட்டு வரப்போறான்?” என்றேன். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு ஏற்கெனவே போய்விட்டது.

“ஏடே, பொண்ணா பாக்க வந்திருக்க? சட்டுப்புட்டுனு ஒண்ணைச் சொல்லுடே!” என்று ஒருவர் கத்தினார்.

அப்போதுதான் திரையில் அந்தச் செடி வந்தது. சேற்றுத் தண்ணீருக்குள் பச்சைப் பசேலென்று கோரை மாதிரி நின்றது. “நீர்ப்பாங்கான இடத்துல வளர்றது. இதோட வேர் வெளிநாட்ல வாசனைப் பொருளுக்குப் போகுது. தமிழ்ல வசம்புன்னு போட்டிருக்கு” என்று டாக்டரம்மா வாசித்தார்.

வசம்பு என்கிற சொல்லை என் வாழ்க்கையில் நான் ஒரே இடத்தில்தான் கேட்டிருக்கிறேன். பஸ் வராத நாட்களில் பயணிகள் என் கூண்டைப் பார்த்து, “இவன் வாயில வசம்பை வச்சுத் தேய்க்க” என்பார்கள். அது ஒரு வசவு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். வேர் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

மாப்பிள்ளைக்கு அதுவும் தெரியாது. படத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. “சேத்துக்குள்ள வளருததா? நமக்குக் குடிக்கவே லாரித் தண்ணி மாமா. இது எங்க நம்ம பக்கம் வரப்போகுது? இதையே போடுங்க டாக்டரம்மா.”

கையை நீட்டியவர், ஊசி போடுவதற்கு முன்னால் ஒன்று கேட்டார். அதற்காகத்தான் அவர் முகாமுக்கே வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

“டாக்டரம்மா, வீட்ல மாசமா இருக்கா. எனக்கு இருக்கது பிள்ளைக்கும் போகுமா?”

“போகலாம். சில டேப்பு போர்டோடயே அடுத்த வீட்டுக்கும் போயிடும்.”

“இப்ப மாத்திட்டா போகாதுல்லா?”

“இனிமே உண்டாகிற குழந்தைக்கு…” என்று அவர் ஆரம்பிக்கும்போதே, அவசரப்படுத்திய அந்தப் பின்வரிசை ஆள் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டார். டாக்டரம்மா பிஸ்கட்டைப் போட்டுவிட்டு அங்கே ஓடினார். மாப்பிள்ளை கேட்ட அரை வாக்கியத்தை முழு வரமாக எடுத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே ஊசி போட்டுக்கொண்டார்.

பலித்தது. அதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த மாதமே மைதா மூட்டையைப் பிரித்து முகத்தை உள்ளே விட்டு மூச்சை இழுத்துக் காட்டினார். வெள்ளை மீசையோடு நிமிர்ந்து, “பாத்தீயளா மாமா, ஒண்ணுமே இல்ல!” என்றார். ராத்திரி படுத்துத் தூங்கினார்.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்ததால் மாப்பிள்ளை வெளியே நின்று பார்த்ததோடு சரி. பெட்டியிலிருந்து எடுத்ததும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்ற அறைக்குள் ஆம்பிளைகளுக்கு வேலை கிடையாது. தாத்தன் என்கிற முறையில் நான் நிலைப்படிக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டலாம், அவ்வளவுதான். உள்ளே என்ன உரசுகிறார்கள், எதைக் கட்டுகிறார்கள் என்று நாம் கேட்பதும் இல்லை, அவர்கள் சொல்வதும் இல்லை. அதிலும் ஒரு வேர் இருக்கிறது. அதை விளக்கில் சுட்டு, தாய்ப்பாலில் உரசி, பிள்ளையின் தொப்புளிலும் நாக்கிலும் வைப்பார்கள். துண்டு துண்டாக நறுக்கிக் கோத்துக் கையில் வளையலாகக் கட்டுவார்கள். பிள்ளை இருக்கிற வீட்டில் அதன் பேரைச் சொல்லக்கூடாது, சொன்னால் அதன் சக்தி போய்விடுமாம். ‘பேர் சொல்லாதது’ என்பார்கள். கொஞ்சலாகப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்பார்கள். காய்ந்து கறுத்த அந்தத் துண்டுக்கும், திரையில் பச்சையாக நின்ற கோரைக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பேர் வைக்கிற நாளன்று மாப்பிள்ளை குளித்து, கோடி வேட்டி கட்டி, வெள்ளிக் கொலுசோடு வந்தார். முத்துப்பேச்சி என்று காதில் மூன்று முறை சொல்ல வேண்டும். பிள்ளையை வாங்கினார். எல்லாத் தகப்பன்மாரும் செய்வது போல உச்சந்தலையை முகர்ந்தார்.

முதலில் உதடு வீங்கியது. பிறகு கண் இரண்டும் மூடிக்கொண்டன. ‘முத்து’ என்று ஒருமுறை சொன்னார், ‘பேச்சி’ வெளியே வரவில்லை. கீழே விழுவதற்கு முன்னால் பிள்ளையைப் பத்திரமாக என் கையில் கொடுத்துவிட்டுத்தான் விழுந்தார். கண் தெரியாமலேயே கொடுத்தார். கூட்டத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியில் கிடத்திவிட்டு டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்.

“குழந்தை கையில என்ன கட்டியிருக்கீங்க?” என்று கேட்டார்.

ஆவுடையிடம் கேட்டேன். பேரைச் சொல்ல மாட்டேன் என்றாள். போனைக் கொடுத்தேன். போனிலும் சொல்ல மாட்டேன் என்றாள். கடைசியில் ஒரு துண்டைக் கையில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே டாக்டரம்மாவே கூப்பிட்டார்.

“பெரியவரே, ஆயுசுக்கும் பார்க்காத ஒண்ணு சொல்லுங்கன்னுதானே கேட்டேன்?”

“நாங்க பாத்ததில்லையேம்மா” என்றேன். அது உண்மைதான்.

“அதைக் குழந்தை நாக்குல வேற தேய்க்கிறீங்களா? எந்த டாக்டர் சொன்னாங்க?”

“டாக்டர் யாரும் சொல்லல. அதான் எல்லாரும் தேய்க்காங்க.”

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. வளையலைக் கழற்றிப் போட்டுவிட்டால் போதும். ஆவுடைகூட அரைமனதாக இறங்கி வந்திருந்தாள். கெடுத்தவன் எதிர்வீட்டுச் சுடலைமணி.

அவனுக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்று அழுது ஓய்ந்தால் மற்றது ஆரம்பிக்கும். ராத்திரி தொட்டில் ஆட்டுவது அவன் முறை. எங்கள் வீட்டுக் கூத்தைப் பார்த்தவன், அடுத்த ஊரில் முகாம் நடந்தபோது யாருக்கும் சொல்லாமல் போனான். அவனுக்குப் புளித் தூசி பட்டால் லேசாக மூக்கு ஒழுகும். அதைக் கொடுத்துவிட்டு, “எனக்கு அந்த வசம்புதான் வேணும்” என்று கேட்டு வாங்கி வந்தான். அன்று முதல் மொட்டை மாடியில் தனியாகப் படுத்துக் குறட்டை விட்டான். சும்மாவாவது இருந்தானா? டீக்கடையில் போய்ப் பெருமையாகச் சொன்னான். கேட்டவர்களில் நாலு பேர் அடுத்த பஸ்ஸில் அதே முகாமுக்குப் போனார்கள்.

ஒரு தெருவில் ஐந்து தகப்பன்மார் பிள்ளை பக்கமே வரமாட்டேன் என்றால் பெண்கள் சும்மா இருப்பார்களா? சுடலைமணியின் மனைவி அவன் தலையணைக்குள்ளேயே அந்த வேரை வைத்துத் தைத்துவிட்டாள். அது தனிக் கதை. ஆனால் அதற்குப் பிறகு, வசம்பு ஆகாதவன் என்றால் பிள்ளை வளர்க்கப் பயந்து தப்பித்தவன் என்று தெரு முழுக்க முடிவாகிவிட்டது. அந்தக் கணக்கில் என் மாப்பிள்ளையையும் சேர்த்துவிட்டார்கள்.

“மத்தவனுக்கெல்லாம் வழி காட்டினது இவருதான? பிள்ளை வயித்துல இருக்கும்போதே தப்பிக்க ஏற்பாடு பண்ணிருக்காரு. தேடித் தேடி அதைப் போயி எடுத்திருக்காருன்னா என்ன அர்த்தம்?” என்றாள் ஆவுடை.

“அவருக்கு அது என்னன்னே தெரியாதுட்டி. நான் பக்கத்துலதான இருந்தேன்?”

“நீங்க சொல்லுததை நான் நம்பணுமாக்கும். இந்தா இப்ப வந்துரும், இந்தா இப்ப வந்துரும்னு ஊரையே வெயில்ல நிக்க வச்ச ஆளு!”

வடிவு ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தாயைப் போலப் பேசுகிற பெண் அவள். ஒருநாள் நிலைப்படி வரை வந்து மெதுவாகக் கேட்டாள்.

“அவரு தெரிஞ்சேதான் எடுத்தாராப்பா?”

“இல்லம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் அவள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கும் நான்தான் டைம் சொன்னேன். திரும்பி உள்ளே போய்விட்டாள். வளையலைக் கழற்றவில்லை. புருஷன் வீட்டுக்குப் போகிற பேச்சையும் எடுக்கவில்லை.

மாப்பிள்ளை தினமும் மத்தியானம் கடையை அடைத்த பிறகு வந்தார். வீட்டுக்குள் வர முடியாது. தெருவில், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று துண்டைத் தூக்கிப் பார்த்து, எதிர்ப்பக்கமாகப் போய் நிற்பார். வடிவு ஜன்னலில் பிள்ளையைத் தூக்கிக் காட்டுவாள். கோயிலில் திரை விலகின மாதிரி இவர் எக்கி எக்கிப் பார்ப்பார். ஒருநாள் மைதாச் சாக்கை வெட்டித் தலையோடு மாட்டிக்கொண்டு வந்தார், அது தெரு நாயைத்தான் பயமுறுத்தியது. இன்னொரு நாள் ஜன்னல் திறக்கவில்லை.

“மாமா, வடிவுகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்றார். வெயிலில் நின்று முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“நான் சொன்னா எடுபடாது மாப்பிள்ளை. அதுதான் என் தலையெழுத்து” என்றேன். எனக்கு என் மேலேயே எரிச்சலாக வந்தது. ஒரு உண்மை கையில் இருக்கிறது, அதை வாங்க ஆளில்லை.

மறுநாள் பஸ் பிடித்து டாக்டரம்மாவின் முகாமைத் தேடிப் போனேன். எனக்குக் கத்திரிக்காய் ஆகாது. தின்றால் நாக்கு அரிக்கும். நாற்பது வருடமாக ஆவுடை அதையும் நம்பாமல் கத்திரிக்காய்க் குழம்பு வைத்துக்கொண்டிருக்கிறாள்.

“இதை மாத்தித் தாங்கம்மா” என்றேன்.

“எதுக்கு மாத்தட்டும்?”

“பொய்க்கு.”

டாக்டரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “பொய்க்கு வாசனை கிடையாதே பெரியவரே.”

“பொய் சொன்னா எனக்கு உள்ளங்கை வேர்க்கும், வாய் காயும். உடம்புக்குள்ள ஏதோ ஊறித்தான அதெல்லாம் நடக்கு? அதுக்கு மாத்துங்க.”

அவர் ஒரு படிவத்தை எடுத்தார். “செய்யலாம்தான். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. எதுக்காக வேணும்னு எழுதணுமே?”

“வீட்டுக்காரின்னு எழுதுங்க.”

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். ஆவுடை நம்பவில்லை. சோதித்துப் பார்க்கட்டும் என்று சட்டையைக் கழற்றிவிட்டு, கூடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வடிவு பிள்ளையோடு நிலைப்படியில் நின்றாள். எதிர்வீட்டிலிருந்து சுடலைமணியின் மனைவியும் வந்துவிட்டாள்.

“முதல்ல இது வேலை செய்யுதான்னு பாப்போம். நான் வைக்கிற ரசம் எப்படி?” என்று கேட்டாள் ஆவுடை.

பழக்கதோஷம், “அமிர்தம்” என்று வாயில் வந்துவிட்டது.

முதுகில் சுருக்கென்றது. “எம்மா, எழும்புது, எழும்புது!” என்று சுடலைமணியின் மனைவி கூவினாள். தோள்பட்டை வரை பணியாரச் சட்டி கவிழ்த்த மாதிரி ஆகிவிட்டது. வடிவு பிள்ளையை மறந்து சத்தமாகச் சிரித்துவிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். ஆவுடை மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் களிம்பு எடுத்து வந்தாள். முதுகில் அவள் பூசியது பூசல் இல்லை, அறை. அடங்கும் வரை எல்லோரும் காத்திருந்தோம்.

அடங்கியதும் அவள் குரல் மாறியிருந்தது.

“அன்னைக்கு மாப்பிள்ளைக்கு அது என்னன்னு தெரியுமா?”

“தெரியாது.”

முதுகில் ஒன்றும் எழும்பவில்லை.

“உங்களுக்கு?”

“வசவுன்னு நினைச்சிருந்தேன்.”

எழும்பவில்லை.

வடிவு கேட்டாள். “பிள்ளை வேண்டாம்னு நினைச்சாராப்பா அவரு?”

“ஊசிக்கு முன்னாடி அவரு கேட்ட ஒரே கேள்வி, எனக்கு இருக்கது பிள்ளைக்குப் போகுமாங்கிறதுதான். அதுக்காகத்தான் அந்த ஊசியையே போட்டாரு. பேர் வைக்கிற அன்னைக்குக் கண்ணு தெரியாமப் போன பிறகும், பிள்ளையை என் கையில குடுத்துட்டுத்தான் விழுந்தாரு.”

முதுகு சும்மா இருந்தது. வடிவு அங்கேயே நிலைப்படியில் உட்கார்ந்து, பிள்ளையின் கையிலிருந்த வளையலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஆவுடை, பிறந்ததிலிருந்து தான் மறுபேச்சில்லாமல் நம்பிய ஒன்றை முறத்தில் வாரிக்கொண்டு தெருக்கோடிக்குப் போனாள். துணியெல்லாம் வெந்நீரில் அவிந்தது. பிள்ளையைக் குளிப்பாட்டி, மறுபடியும் குளிப்பாட்டி, அது கோபத்தில் வீறிடும் வரை குளிப்பாட்டினார்கள்.

விடிந்ததும் மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே கையை உதறிவிட்டு வந்துவிட்டார். சட்டை முழுக்க வெள்ளை. வாசலில் நின்று மோப்பம் பிடிப்பது போல ஒரு மூச்சு இழுத்தார். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே வந்து இரண்டு கையையும் நீட்டினார். வடிவு பிள்ளையைக் கொடுத்தாள்.

உதடு வீங்கவில்லை. கண் மூடவில்லை. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்கு வேர் காரணமில்லை. “முத்துப்பேச்சி, முத்துப்பேச்சி, முத்துப்பேச்சி” என்று காதில் மூன்று முறையும் முழுசாகச் சொல்லி முடித்தார்.

பிள்ளை அவர் முகத்தை உற்றுப் பார்த்தது. பிறகு ஒரு தும்மல் போட்டது. அந்த உடம்புக்கு அவ்வளவு பெரிய தும்மல் எங்கிருந்து வந்ததோ. உடனே இன்னொன்று. அவர் சட்டைக் காலரில் பட்டிருந்த கன்னம் சிவந்து, சின்னச் சின்னதாகத் தடித்தது.

அந்தத் தும்மல் யாருடையது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். சாமி படம் ஆடவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உடனே வீடியோ போன் போட்டுப் பிள்ளையைக் காட்டினோம், டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “அன்னைக்கே சொல்ல வந்தேன். இனிமே உண்டாகிற குழந்தைக்குத்தான் போகாது. இவ அதுக்கு முன்னாடியே உண்டாயிட்டா. உங்க டேப்போடதான் வந்திருக்கா.” பிறகு சமாதானமாக, “பரவாயில்ல, இவளுக்கும் மாத்திடலாம். ஒரு நிமிஷ வேலை. எதுக்கு மாத்தட்டும், சொல்லுங்க” என்றார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஸ்ட்ராபெர்ரி என்று யாரோ ஆரம்பித்தார்கள். ஒட்டகம் என்று ஆவுடை சொன்னாள். மாப்பிள்ளை தன் சட்டையைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளையை மறுபடி வாங்கிக்கொண்டார்.

“வேண்டாம் டாக்டரம்மா. நான் யோசிச்சு யோசிச்சு எடுத்ததே இந்த லட்சணத்துல முடிஞ்சிருக்கு. இன்னும் கழுத்தே நிக்காத பிள்ளைக்கு ஒரு எதிரியைப் பாத்துக் குடுக்க நமக்கு என்ன தெரியும்? அவ பெரிசாகி அவளே சொல்லட்டும்.”

“அதுவரைக்கும்?”

“நான் மாவை மாத்திக்கிடுதேன்.”

அவ்வளவுதான் சொன்னார். அந்த மாதக் கடைசியில் பரோட்டாக் கல்லை இறக்கிவிட்டு இடியாப்பக் கடை போட்டார். மைதாவுக்காக இத்தனை கூத்தையும் செய்த மனுஷன், இப்போது முகத்தை விட்டு மூச்சு இழுத்தாலும் ஒன்றும் செய்யாத அந்த மைதாவைத் தொடுவதில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். எனக்கும் எரிச்சல்தான். இந்த வயதில் எனக்கு இருந்த ஒரே சந்தோஷம் அந்தப் பரோட்டா. இடியாப்பத்துக்குச் சால்னா ஊற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

முத்துப்பேச்சி கல்லாவுக்குப் பக்கத்தில் தூளியில் கிடக்கிறாள். அரிசி மாவு பறக்கிறது, அவள் தும்முவதில்லை. மாப்பிள்ளை ஒரு கையால் இடியாப்பம் பிழிந்துகொண்டே மறு கையால் தூளியை ஆட்டுகிறார். போகிறபோதெல்லாம், “எப்படி இருக்கு மாமா?” என்று கேட்கிறார். வாய் நிறைய இருப்பதுபோல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். தலையாட்டலுக்கு உடம்பு தடிக்குமா என்று டாக்டரம்மாவிடம் இன்னும் கேட்கவில்லை.

இது முழுவதையும் நான் இடது கையால்தான் எழுதினேன். வலது கைக்கு, முதல் வரியிலிருந்தே, முதுகைச் சொறிகிற வேலை இருந்தது.